ஒத்திகை இல்லாமல் நாலு மணி நேர நாடகம்: காண்டனீஸ் ஆபரா கலைஞரின் தொழில் எப்படி ஓடுகிறது?

சீன ஆபரா என்றதும் நம்மில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது ஜாக்கி சான்தான். சின்ன வயதில் ஆபரா பள்ளியில் அடி வாங்கி வளர்ந்தவர், குட்டிக்கரணமெல்லாம் அங்கே கற்றதுதான் என்று கேட்டிருப்போம். உண்மைதான். ஆனால் அவர் படித்தது பீக்கிங் ஆபரா. பள்ளி இருந்தது ஹாங்காங்கில், கலை வடக்கத்திக் கலை. ஹாங்காங் மக்கள் தங்கள் சொந்த மொழியில் பாடி ஆடி, கோயில் திருவிழாவில் விடியாத குறையாக உட்கார்ந்து பார்த்தது காண்டனீஸ் ஆபரா.

சினிமாவில் இதற்குச் சொந்தக்காரர் ஒருவர் வேண்டுமென்றால் புரூஸ் லீயைச் சொல்லலாம். அவருடைய அப்பா லீ ஹோய் சுயன் இந்தக் கலையில் பெயர் வாங்கிய நகைச்சுவை நடிகர். 1940 நவம்பரில் புரூஸ் லீ சான் பிரான்சிஸ்கோவில் பிறந்ததற்குக் காரணமே, அப்பா நாடகம் போட அமெரிக்கா போயிருந்ததுதான்.

இரண்டு ஆபராவையும் குழப்பிக்கொள்வது சின்னத் தவறு. இந்தக் கலைஞர்களின் தொழிலைப் பற்றி நிலவும் இன்னொரு எண்ணம் அதைவிடப் பெரிய தவறு. "உடம்பு ஓடும்வரை ஆடுவார்கள், அப்புறம் ஓய்வு பெற்று வாத்தியார் ஆவார்கள்" என்பது அது. விளையாட்டு வீரர் பயிற்சியாளர் ஆவதுபோல இதை நினைத்துக்கொண்டால் இந்தத் தொழில் கடைசிவரை பிடிபடாது. இங்கே ஆடுவதும் சொல்லித்தருவதும் ஒரே இயந்திரத்தின் இரண்டு சக்கரங்கள். ஒன்று நின்றால் மற்றதும் நிற்கும். ஏன் என்று புரிய, முதலில் ஒரு நாடகம் எப்படி மேடை ஏறுகிறது என்று பார்க்க வேண்டும்.

கல்யாண வீட்டுச் சமையல் குழு

கல்யாணச் சமையலுக்கு ஆள் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். தலைமைச் சமையல்காரர் ஒருவரைப் பேசி முடிப்போம். அவர் நாலு ஊரிலிருந்து எட்டுப் பேரைக் கூட்டி வருவார். அவர்களில் பாதிப் பேர் ஒருவரையொருவர் பார்ப்பதே முந்தின நாள் ராத்திரிதான். யாரும் செய்முறைப் புத்தகம் திறப்பதில்லை, ஒருமுறை சமைத்துப் பார்ப்பதும் இல்லை. "முந்நூறு இலைக்கு வத்தக்குழம்பு" என்றால் போதும். புளி எவ்வளவு, எப்போது தாளிப்பது, யார் நறுக்குவது என்று எல்லாருக்கும் தெரியும். இடையில் தலைமைச் சமையல்காரர் கண்ணைக் காட்டினால் அடுப்பு தணியும்.

ஹாங்காங்கில் காண்டனீஸ் ஆபராக் குழு கூடுவதும் பெரும்பாலும் இப்படித்தான். நிரந்தரமான குழுக்கள் குறைவு. ஒரு திருவிழாவுக்கு அல்லது அரங்கில் சில நாள் நிகழ்ச்சிக்கு ஒருவர் பொறுப்பேற்று, நடிகர்களையும் வாத்தியக்காரர்களையும் தனித்தனியாகப் பேசிச் சேர்ப்பார். முடிந்ததும் கலைந்துவிடுவார்கள். அடுத்த வாரம் அதே நாயகன் வேறொரு நாயகியோடு வேறொரு பெயர்ப்பலகையின் கீழ் ஆடுவார். நன்கு பழகிய நாடகமாக இருந்தால் முழு ஒத்திகை இருக்காது. கோயில் நிகழ்ச்சிகளில் பெரும்பாலும் இருக்கவே இருக்காது. அப்படிப் போடும் நாடகம் மூன்றரை, நாலு மணி நேரம் ஓடும்.

இது சாத்தியமாவது எல்லாருக்கும் பொதுவான ஒரு சரக்கு இருப்பதால். அதற்குப் பெயர் பாய் சேங்: நாடகம் எதுவானாலும் திரும்பத் திரும்ப வரும் சூழல்களுக்கான ஆயத்தக் காட்சி அமைப்பு. கவசம் பூண்டு போருக்குக் கிளம்புவது, குதிரையில் விரைவது, நீதிமன்ற விசாரணை என்று ஒவ்வொன்றுக்கும் யார் எங்கே நிற்பது, எத்தனை அடி, எந்தத் தாளம் என்று முன்னாலேயே இருக்கிறது. அந்தக் காலத்தில் முழு வசனம்கூட எழுத மாட்டார்கள். காட்சிக்கு யார் வரவேண்டும், எந்த அமைப்பு என்று ஒரு தாளில் எழுதி மேடைக்குப் பின்னால் தொங்கவிடுவார்கள். பார்த்துவிட்டுப் போய் ஆட வேண்டியதுதான்.

தாளத்தைக் கையில் வைத்திருப்பவர் சேங் பான் எனப்படும் தாள வாத்தியத் தலைவர். அவர் கண் எப்போதும் நடிகர் மேல் இருக்கும். நடிகர் சட்டைக் கையை உதறும் விதத்திலோ, விரலைக் காட்டும் விதத்திலோ, காலை வைக்கும் விதத்திலோ அடுத்து என்ன வேண்டும் என்று சொல்லிவிடுவார். பார்வையாளருக்கு அது நடிப்பின் ஒரு பகுதியாகத்தான் தெரியும். தாளக்காரருக்கு அது உத்தரவு.

சுருக்கமாக: குழு தற்காலிகம், சரக்கு நிரந்தரம். ஒத்திகை செய்யும் வேலையை அந்தச் சரக்கு செய்துவிடுகிறது.

மெட்டு எங்கிருந்து வருகிறது?

மேலை நாட்டு ஆபராவில் இசையமைப்பாளர் ஒவ்வொரு சுரத்தையும் எழுதிவைத்திருப்பார். பாடகர் அதைப் பாடுவார். காண்டனீஸ் ஆபராப் பிரதியைத் திறந்தால் பல இடங்களில் சுரமே இருக்காது. பாட்டு வரிகள் இருக்கும். மேலே ஒரு குறிப்பு: இன்ன வகை, இன்ன நடை. அவ்வளவுதான்.

இந்தப் பாட்டு வகைகளின் அடிப்படைத் தொகுதிக்குப் போங் வோங் என்று பெயர். ஒவ்வொரு வகையிலும் தாளம், வரியின் பிரிவு, ஒவ்வொரு வரியும் எந்தச் சுரத்தில் முடிய வேண்டும் என்பவை மட்டுமே நிச்சயம். இடையில் உள்ள மெட்டைப் பாடுபவரே கட்ட வேண்டும். எதை வைத்து? சொற்களின் தொனியை வைத்து.

காண்டனீஸ் மொழியில் ஆறு தொனிகள். "சி" என்ற ஒரே ஒலியைக் குரல் ஏற்றி இறக்கிச் சொன்னால் கவிதை, வரலாறு, முயற்சி, காலம், சந்தை, விஷயம் என்று ஆறு பொருள் வரும். ஆக, மெட்டு தன் இஷ்டத்துக்கு மேலே போனால் "காலம்" என்று பாட வேண்டியது "கவிதை" ஆகிவிடும். அதனால் பாடகர் சொல்லின் ஏற்ற இறக்கத்தையே பிடித்துக்கொண்டு, அதைச் சுற்றிச் சங்கதி சேர்த்து, முடிவுச் சுரத்தில் வந்து இறங்குகிறார். புதுப் பாட்டைக் கையில் கொடுத்தாலும் வகை தெரிந்தால் பாடிவிடலாம். ஒரே வரியை இரண்டு பெரிய பாடகர்கள் பாடினால் இரண்டு மாதிரி இருக்கும். இரண்டும் சரியாகவே இருக்கும். மெட்டு நிலையாக உள்ள தனிப் பாட்டுகளும் நாடகத்தில் உண்டு, ஆனால் ஆளை எடைபோடுவது போங் வோங்தான்.

குரலிலும் இரண்டு முக்கியப் பிரிவுகள் இருக்கின்றன. ஆண் பாத்திரத்துக்குப் பிங் ஹௌ, அதாவது பேசும் இயல்பிலேயே பாடும் குரல். பெண் பாத்திரத்துக்கு ட்சி ஹௌ, மெல்லிய மேல்ஸ்தாயிப் பொய்க்குரல். இது பாத்திரத்தைப் பொறுத்தது, ஆளைப் பொறுத்தது அல்ல. ஹாங்காங்கில் ஆணும் பெண்ணும் ஒரே குழுவில் ஆட 1933 வரை அனுமதி இல்லை. அதனால் ஆண்கள் மட்டுமே உள்ள குழுக்களில் பெண் வேடத்தை ஆண் போட்டார், பெண்கள் குழுக்களில் நாயகனாகப் பெண் வந்தார். இந்தக் கலையின் மிகப் புகழ்பெற்ற நாயகர்களில் ஒருவரான யாம் கிம் ஃபாய் ஒரு பெண்மணி. கலப்புக் குழுக்கள் வந்த பிறகும் அவர் நாயகனாகவே நின்றார். பார்க்க வந்த பெண்கள் அவர்மேல் பைத்தியமாக இருந்தார்கள்.

சரக்கு உடம்பில் ஏறும் விதம்

இவ்வளவையும் புத்தகத்தில் படிக்க முடியாது என்பது இப்போது தெரிந்திருக்கும். பழைய வழி குருகுலம்தான். பையனையோ பெண்ணையோ ஒரு மூத்த கலைஞரிடம் ஒப்படைப்பார்கள். மண்டியிட்டுத் தேநீர் கொடுத்தால் சீடன். இத்தனை வருடம் என்று ஒப்பந்தம் உண்டு. அந்தக் காலத்தில் சீடன் சம்பாதிப்பதில் குருவுக்குப் பங்கும் உண்டு. 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதிவரை குழுக்கள் முத்து ஆற்றின் கழிமுகத்தில் செந்நிறப் படகுகளில் ஊர் ஊராகப் போயின. சாப்பாடு, தூக்கம், பயிற்சி எல்லாம் அந்தப் படகில்தான்.

முதலில் கற்பது கால்: வீசுவது, அகட்டுவது, மேடையை வட்டமாகச் சுற்றி நடப்பது. நடக்கும்போது இடுப்புக்கு மேலே எதுவும் குலுங்கக் கூடாது. அப்புறம் லா சான். போர்வீரன் தன்னை நிலைநிறுத்திக்கொள்ளும் ஓர் அசைவு இது. எடை ஒரு காலுக்கு மாறும், இரண்டு கையும் மார்புக்கு முன்னால் வளைந்து திறக்கும், கண் கையைத் தொடரும், கடைசித் தாளத்தில் தலை வெடுக்கென்று திரும்பி நிற்கும். பார்க்கச் சில நொடிதான். ஆனால் கண் ஒரு கணம் பிந்தினால் வீரன் காணாமல் போய், கைவீசுகிற ஓர் ஆள்தான் தெரிவார். ஆசிரியர் பெரும்பாலும் கையைத் திருத்துவதில்லை, "கண்ணு எங்கே?" என்றுதான் கேட்பார்.

பெண் வேடத்துக்கு நீர்க்கை இருக்கிறது. சட்டைக் கையின் நுனியில் தைத்த நீளமான வெண்பட்டு. அதை மணிக்கட்டால் சுண்டி வீசுவது சுலபம். திரும்பச் சின்னச் சின்னச் சுண்டல்களில் மடிப்பு மடிப்பாக மணிக்கட்டின் மேல் கொண்டுவந்து அடுக்குவதில்தான் வருடங்கள் போகும். ஆண் வேடத்துக்குத் தடித்த அடிப்பாகம் கொண்ட உயரக் காலணி, முதுகில் கொடிகள், தலையில் ஆள் உயரத்துக்கு நீளும் இரண்டு சீமைக்கோழி இறகுகள். இதெல்லாம் உடம்பில் இருக்கும்போதுதான் சண்டையும் போட வேண்டும், பாடவும் வேண்டும்.

தாளத்தை வாயால் மனப்பாடம் செய்வார்கள். "சா டுக் சாங்" என்ற சொற்கட்டு ஹாங்காங்கில் நாடகமே பார்க்காதவர்களுக்கும் தெரியும்.

இதுவரை: கற்பது ஒரு நாடகத்தில் ஒரு வேடத்தை அல்ல. எந்த நாடகத்துக்கும் பொருந்தும் துண்டுகளை. அவை ஆளிடமிருந்து ஆளுக்குத்தான் போகும்.

அப்படியானால் ஆசிரியர் யார்?

இங்கேதான் தொடக்கத்தில் சொன்ன விஷயம் வருகிறது. நாயகன் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், எதிரே நிற்பவருக்கு அந்தச் சரக்கு இல்லையென்றால் காட்சி நடக்காது. அவர் சுண்டிய கைக்கு எதிரே நிற்பவர் விழ வேண்டும், தாளக்காரர் அடிக்க வேண்டும், நாலு படைவீரர்கள் சரியான பக்கம் ஓட வேண்டும். ஆக, அடுத்த தலைமுறைக்குச் சொல்லித்தருவது தன்னுடன் ஆட ஆள் தயார் செய்துகொள்வதுதான். தொழில் உச்சத்தில் இருக்கும்போதே பலர் கற்பிக்கத் தொடங்குவதற்குக் காரணம் இது. பெருந்தன்மையும் இருக்கலாம், தேவை கண்டிப்பாக இருக்கிறது.

ஹாங்காங்கின் புகழ்பெற்ற நாயகி பாக் சூட் சின்னின் தொழிலைப் பார்த்தால் இது தெளிவாகத் தெரியும். 1928-இல் பிறந்தவர். அப்பா பாக் குய் விங் அந்தத் தலைமுறையின் பெரிய நடிகர், மேடையில் காண்டனீஸ் மொழியில் இயல்பான குரலில் பாடுவதை நிலைநிறுத்தியவர்களில் ஒருவர். (அதற்கு முன் மேடை மொழி ஒருவகை வடக்கத்திச் சீனமாக இருந்தது. சொந்த மொழிக்கு வந்து ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுதான் ஆகிறது என்பதைப் "பழமையான கலை" என்று பேசுகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள்.) அப்பா பிற்காலத்தில் பார்வையை இழந்தார். அதோடு தொழில் முடியவில்லை. தென்சீன மாகாணமான குவாங்டோங்கில் காண்டனீஸ் ஆபராப் பள்ளிக்குத் தலைவராகவும் இருந்தார்.

மகள் அப்பாவிடம் மட்டும் கற்கவில்லை. 1930-களின் பெருநடிகர் சிட் கோக் சின்னிடம் சீடராகச் சேர்ந்தார். பிறகு யாம் கிம் ஃபாயுடன் இணைந்தார். ஒருவர் நாயகி, ஒருவர் நாயகன். 1956-இல் சின் ஃபுங் மிங் குழு தொடங்கியது. டோங் டிக் சாங் என்ற நாடக ஆசிரியர் இவர்களுக்காகவே எழுதினார். 1957-இல் வந்த, மிங் வம்சத்தின் கடைசி இளவரசியைப் பற்றிய நாடகம் இன்றுவரை மேடையைவிட்டு இறங்கவில்லை: திருமண இரவில் இளவரசியும் கணவனும் விஷம் குடிக்கும் கடைசிக் காட்சிப் பாட்டை ஹாங்காங்கில் முணுமுணுக்கத் தெரியாத பாட்டி கிடைப்பது கஷ்டம். டோங் 1959 செப்டம்பரில், தன் புது நாடகத்தின் முதல் நாளில் பார்வையாளர் இருக்கையிலேயே மயங்கி விழுந்து, மறுநாள் இறந்தார். வயது 42.

அவருடைய நாடகங்களில் ஒரு மாற்றம் இருக்கிறது. தொங்கவிட்ட தாளைப் பார்த்து ஆடும் முறை போய், வசனமும் பாட்டும் முழுக்க எழுதப்பட்டன. ஆனாலும் அசைவு, தாளம், போங் வோங்கின் உள்மெட்டு எல்லாம் பழைய சரக்கிலிருந்தே வந்தாக வேண்டும். ஆக, ஆசிரியர் தேவை குறையவில்லை.

1960 வாக்கில் யாமும் பாக்கும் இளம்பெண்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுக்கத் தொடங்கினார்கள். பாக்கிற்கு அப்போது வயது முப்பதைத் தாண்டியிருக்கவே வாய்ப்பு. ஓய்வு வயது அல்ல. அந்தப் பெண்களிலிருந்து சோர் ஃபுங் மிங் குழு உருவானது. லுங் கிம் சாங் நாயகன், முய் சூட் சி நாயகி. குருக்கள் மேடையை விட்டு ஒதுங்கிய பிறகு முப்பது வருடத்துக்குப் பக்கமாக அந்த நாடகங்களைத் தாங்கியது இந்தக் குழுதான். 2006-இல் அந்த இளவரசி நாடகத்தின் ஐம்பதாண்டை ஒட்டிச் சீடர்கள் இருவரும் மறுபடி மேடை ஏறியபோது கலை இயக்குநராக இருந்தவர் பாக் சூட் சின். அந்த நாடகம் கைமாறிய வழியைத் தேடினால் பிரதியைவிட இந்த மனிதர்களின் பெயர்கள்தான் கிடைக்கும்.

பணம் எங்கிருந்து வருகிறது?

பெயர் பெற்ற நாயகர்களை விட்டுவிடுவோம். நடுத்தரக் கலைஞருக்கு வருமானம் மூன்று பக்கத்திலிருந்து வரும்.

முதலாவது கோயில். கடல் தெய்வமான டின் ஹௌ பிறந்தநாள் போன்ற விழாக்களுக்கு மூங்கிலாலும் மரக்கம்பத்தாலும் தற்காலிகக் கொட்டகை கட்டி, சன்னதியைப் பார்த்த மாதிரி மேடை போடுவார்கள். தெய்வம்தான் முதல் பார்வையாளர். நாம் பின்னால் உட்கார்ந்திருக்கும் விருந்தாளிகள். மூன்று, நாலு நாள் தொடர்ந்து நடக்கும். ஹாங்காங்கின் போ டாய் தீவில் பாறைக் கரையில் கட்டும் கொட்டகை படங்களில் அடிக்கடி வரும். இரண்டாவது, நகர அரங்குகள்.

மூன்றாவதைப் பற்றி வெளியே அதிகம் பேசுவதில்லை: அமெச்சூர்கள். ஹாங்காங்கில் காண்டனீஸ் ஆபராப் பாட்டு கற்கும் மன்றங்கள் ஏராளம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள், இல்லத்தரசிகள், கொஞ்சம் வசதியானவர்கள் பணம் கட்டிக் கற்பார்கள், அரங்கை வாடகைக்கு எடுப்பார்கள், தொழில்முறைக் கலைஞரையும் வாத்தியக்காரர்களையும் கூலிக்கு அமர்த்திக்கொண்டு தாங்களே நாயகியாக மேடை ஏறுவார்கள். இதைக் கிண்டல் செய்பவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கிண்டல் நியாயமாகப் படவில்லை. பல கலைஞர்களின் வீட்டு வாடகை இந்த வகுப்புகளிலிருந்துதான் போகிறது, அரங்கில் உட்கார்ந்து குறை கண்டுபிடிக்கத் தெரிந்த பார்வையாளரும் இந்த வகுப்புகளிலிருந்துதான் வருகிறார்கள். ஒரே குறை, காசு கொடுப்பவரிடம் "உங்கள் கண்ணு எங்கே?" என்று கேட்பது அவ்வளவு சுலபமில்லை.

பள்ளி வந்த பிறகு

கலைஞர்களுக்கென்று சங்கம் நெடுங்காலமாக உண்டு. 1854-இல் லீ வென்மாவ் என்ற நடிகர் அன்று சீனாவை ஆண்ட சிங் வம்ச ஆட்சிக்கு எதிராகக் கலகத்தில் இறங்க, அரசு ஃபோஷானில் இருந்த நடிகர் சங்க மண்டபத்தைத் தரைமட்டமாக்கி, நாடகத்துக்கே தடை போட்டது. மறுபடி தலைதூக்கிய கலைஞர்கள் 1889-இல் குவாங்சோவில் பா வோ சங்கத்தை அமைத்தார்கள். ஹாங்காங் கிளை 1953-இல் வந்தது. இளைஞர் பயிற்சியில் இன்றும் அதற்குப் பெரிய பங்கு.

ஹாங்காங் நிகழ்த்துகலைக் கல்லூரி 1999-இல் காண்டனீஸ் ஆபராப் பாடத்திட்டத்தைத் தொடங்கியது. 2013 முதல் பட்டப் படிப்பே இருக்கிறது. 2009-இல் யுனெஸ்கோ பட்டியலில் இந்தக் கலை சேர்ந்தது. பள்ளி பல கெடுபிடிகளை நீக்கியது. அடி இல்லை, சம்பாத்தியத்தில் பங்கு கேட்கும் குரு இல்லை. ஆனால் பட்டம் வாங்கியவருக்கு மேடை நாட்கள் குறைவு. பழைய சீடன் கொடி பிடித்து நின்றபடியே நூற்றுக்கணக்கான இரவுகள் மூத்தவர்களைப் பக்கத்தில் இருந்து பார்த்தான். வகுப்பறை அதைத் தராது.

இந்த இடைவெளியை நிரப்பத்தான், 1930-இல் சினிமாக் கொட்டகையாகக் கட்டப்பட்ட யாவ் மா டேய் அரங்கை 2012-இல் காண்டனீஸ் ஆபராவுக்கென்று திறந்தபோது, அங்கே இளம் கலைஞர்களுக்கான தொடர் நிகழ்ச்சியைப் பா வோ சங்கம் ஆரம்பித்தது. மூத்த நடிகர்கள் ஒவ்வொரு நாடகத்தையும் கூடவே இருந்து செதுக்குவார்கள். சுமார் 300 இருக்கைதான். தப்பு செய்யத் தோதான அளவு. 2019-இல் ஹாங்காங்கில் சீன ஆபராவுக்கென்றே வந்த ஷிசூ மையத்தின் பெரிய அரங்கில் ஆயிரத்துக்கும் மேல் இருக்கை. இன்னொரு பக்கம், 1972 முதல் இந்தக் கலைக்கு வீடாக இருந்த சன்பீம் அரங்கு 2025 மார்ச்சில் மூடப்பட்டது.

சிங்கப்பூரில் ஒரு தெரு

சிங்கப்பூர் போன தமிழர்கள் சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலுக்குப் போகாமல் வரமாட்டார்கள். அங்கிருந்து சில நிமிட நடையில் ஸ்மித் தெரு. 1887-இல் லாய் சுன் யூன் என்ற காண்டனீஸ் ஆபராக் கொட்டகை அந்தத் தெருவில்தான் எழுந்தது; கட்டடம் இன்றும் இருக்கிறது, நாடகம்தான் இல்லை. பினாங்கில் பிறந்து, சிங்கப்பூரில் பல்கலைக்கழக நிர்வாக வேலை பார்த்துக்கொண்டே ஆடியும் கற்பித்தும் வந்த ஜோனா வோங், 1981-இல் அந்நாட்டின் கலாசாரப் பதக்கம் பெற்றார்.

முதல்முறை பார்க்கப் போனால்

அரங்க நிகழ்ச்சிகளில் பெரும்பாலும் சீனத்திலும் ஆங்கிலத்திலும் வரிகள் திரையில் ஓடும். மொழி ஒரு தடையில்லை. நாலு மணி நேரம் அதிகம் என்று தோன்றினால் ஷிசூ மையத்தில் தேநீரோடு சேர்த்துச் சின்ன நிகழ்ச்சியாகவும் பார்க்கலாம். நாயகியின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காமல், மேடை ஓரத்திலோ முன்பள்ளத்திலோ கையில் சிறு குச்சிகளோடு உட்கார்ந்திருக்கும் தாளக்காரரையும் அவ்வப்போது பாருங்கள். நடிகரின் எந்த அசைவுக்கு அவர் கை எழுகிறது என்று இரண்டு மூன்று தடவை பிடித்துவிட்டால், மிச்ச நாடகம் வேறு மாதிரி தெரியும்.